பொருள் கேட்டுக் கொத்துபவர்: திருமுருகன்பூண்டியில் ஒரு கல்லறைக்கல் பட்டறை

அவிநாசியிலிருந்து திருப்பூருக்குச் செல்லும் சாலையில் திருமுருகன்பூண்டியைக் கடந்து போகிறவர்கள் அங்குள்ள சிற்பக்கூடங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. வாசலில் பாதி முடிந்த நந்தியும், முகம் மட்டும் தெளிந்த அம்மனும், சாய்த்து வைத்த தூண்களும் வெண்தூசி படிந்து நிற்கும். கோயில் வேலைக்குப் பெயர்பெற்ற அந்த ஊரில், சாலையைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி, பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறு பட்டறையில் என் பெற்றோருக்கான கல்லறைக்கல்லைச் செய்து வாங்கினோம். கல்லை நட்டு ஒரு கோடை கடந்துவிட்டது. துக்கத்தின் பதற்றமும் பணம் கொடுத்த கையோடு வரும் திருப்தியும் அடங்கிய பிறகு எழுதினால்தான் நியாயமாக இருக்கும் என்று இதுவரை காத்திருந்தேன். அவசரத்துக்குக் கல் வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பட்டறை ஏற்றதன்று. தம் வீட்டாரின் கல்லில் என்ன குறி இருக்கிறது, அது ஏன் அங்கே இருக்கிறது என்று அறிந்து நட விரும்புகிறவர்கள் இவரிடம் தாராளமாகப் போகலாம்.

இப்படிச் சொல்வதற்கு ஒரு பழைய வருத்தம் காரணம். அப்பா 2014-இல் காலமானபோது, நகரத்தில் ஒரு கிரானைட் கடையில் ஆயத்தமாகக் கிடைத்த மெருகேற்றிய கறுப்புக் கல்லொன்றை வாங்கினோம். கடைக்காரர் கணினித் திரையில் படங்களை வரிசையாகக் காட்டினார்: புறா, செபமாலை, எரியும் மெழுகுவர்த்தி, ரோஜாக்கொத்து, படுத்திருக்கும் ஆட்டுக்குட்டி. எதையும் யோசிக்கும் நிலையில் நானும் அக்காவும் அன்று இல்லை. "ஆட்டுக்குட்டி போட்டா நல்லா எடுப்பா இருக்குமுங்க" என்றார், சரி என்றோம். அடுத்த கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று மெழுகுவர்த்தி ஏற்ற வந்த வயதான கன்னியாஸ்திரி ஒருவர் அந்தக் கல்லருகே நின்று, பெயரைப் படிக்கும் முன்பே, "பாவம், எத்தனை மாதக் குழந்தை?" என்று கேட்டார். கால் மடக்கிப் படுத்திருக்கும் ஆட்டுக்குட்டி, கிறிஸ்தவக் கல்லறை மரபில், பெரும்பாலும் சிறு வயதில் இறந்த பிள்ளைகளின் கல்லில் மாசின்மைக்கு அடையாளமாகச் செதுக்கப்படுவது என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சிலுவைக் கொடியை முன்னங்காலால் அணைத்தபடி நிற்கும் ஆட்டுக்குட்டியே உலகின் பாவம் போக்கும் செம்மறியான கிறிஸ்துவைக் குறிப்பது. கொடி இல்லாமல், படுத்த நிலையில், எழுபத்துநான்கு வயதுவரை தறியோட்டிய மனிதரின் தலைமாட்டில் அந்தக் குட்டிக்கு வேலையே இல்லை. லேசரில் மேலோட்டமாகக் கீறிய அந்தப் படத்தின் வெள்ளைச் சாயம் நான்கே ஆண்டுகளில் உதிர்ந்து, குட்டியின் பின்பாதி மறைந்துபோனது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறையைக் கழுவிப் பூ வைத்தவுடன் அம்மா ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்: "அந்த ஆட்டுக்குட்டிய எடுத்துப்போடு கண்ணு. உங்கப்பனுக்கு அது ஆகாது."

சென்ற ஆண்டு அம்மாவும் போய்விட்டார். சோமனூர்ப் பக்கத்தில் எங்கள் தேவாலயப் பங்கின் கல்லறைத் தோட்டத்தில், அப்பாவின் குழியிலேயே அம்மாவையும் அடக்கம் செய்ததால் பழைய கல்லைப் பெயர்க்க வேண்டியிருந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரு கல், அதுவும் ஆட்டுக்குட்டி இல்லாத கல் வேண்டும் என்று தேடியபோதுதான் திருமுருகன்பூண்டி ஆசாரியைப் பற்றி, அவரிடம் மாதா சுரூபத்துக்குப் பீடம் செய்து வாங்கிய ஒருவர் சொன்னார்.

போன முதல் நாளே அளவையும் விலையையும் பேசுவார் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "போனவரு என்ன தொழில் பண்ணிட்டிருந்தாருங்க?" என்பது. இரண்டாவது, "கல்லு எந்தத் தெசையப் பாத்து நிக்கப் போகுதுங்க?" தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாக, உயிர்த்தெழும் நாளில் எழுந்தால் கிழக்கு நோக்கி எழும்படி உடலைக் கிடத்துவது எங்கள் மரபு என்றும், தலைமாட்டில் நிற்கும் கல்லின் முகமும் கிழக்கு நோக்கியே இருக்கும் என்றும் சொன்னேன். அப்படியானால் காலை வெயில் நேராக விழும்; மதியத்துக்கு மேல் முகம் நிழலில் இருக்கும்; அதற்கேற்ப எழுத்தின் பள்ளத்தை ஆழப்படுத்த வேண்டும் என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டே ஒரு நீளமான பழைய கணக்குப் பேரேட்டை எடுத்து வைத்தார்.

அந்தப் பேரேட்டுக்காகவே ஒருமுறை அங்கே போகலாம் என்பேன். முப்பது ஆண்டுகளாகத் தாம் கண்ட நினைவுக்கற்களின் உருவங்களை அதில் பென்சிலால் வரைந்தும், மெல்லிய தாளைக் கல்மேல் வைத்துக் கரித்துண்டால் தேய்த்துப் படியெடுத்து ஒட்டியும் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று கட்டங்கள்: எந்த ஊர், யாருக்கு, என்ன பொருள். மூன்றாம் கட்டம் பல பக்கங்களில் காலியாக இருக்கிறது. "பொருள் தெரியாத குறிய நான் கொத்தறதில்லீங்க, தம்பி. கொத்துனா அது வெறும் பொம்மைதானுங்க" என்றார். நாங்கள் பெரிய விலை கொடுத்துக் கற்றிருந்த பாடத்தை அவர் தொழில்முறையாகவே வைத்திருப்பதைக் கண்டவுடன் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பேரேட்டின் முதற்பாதி முழுவதும் நம் பக்கத்து நடுகற்கள். கால்நடையை நம்பிப் பிழைத்த இந்த மண்ணில், பட்டிக்குள் புகுந்த புலியோடு மோதி மாண்டவனுக்குப் புலிகுத்திக்கல் நட்டார்கள். பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் புலியின் வயிற்றிலோ வாயிலோ வீரன் ஈட்டியையோ வாளையோ பாய்ச்சுவதாக அந்தக் கல் இருக்கும். புலி ஏறத்தாழ ஆள் உயரத்துக்கு நிற்பதைக் கல்தச்சனின் கைப்பிழை என்று நினைத்திருந்தேன். மோதல் சரிக்குச் சரியாக நடந்தது, ஓடுகிறவனைப் புலி பிடிக்கவில்லை என்று காட்டவே அப்படி நிறுத்துகிறார்கள் என்று ஆசாரி விளக்கினார். ஆநிரை கவரவோ மீட்கவோ போரிட்டு இறந்தவனின் கல்லில் காலடியில் மாடுகள் சிறிதாக நிற்கும். சில கற்கள் அடுக்கடுக்காக இருக்கும்: அடியில் சண்டை, நடுவில் வானுலகப் பெண்கள் இருபுறமும் கைதாங்கி அவனை அழைத்துப் போவது, உச்சியில் அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருப்பது. கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டிய கதை அது. கல்லின் தலையில் வட்டமும் பிறையும் இருந்தால், சூரியரும் சந்திரரும் உள்ளவரை இவன் பெயர் நிற்கட்டும் என்று பொருள். நிலக்கொடைக் கல்வெட்டுகளின் தலையிலும் இதே இரண்டைக் காணலாம். அங்கே கொடை நிலைக்கட்டும் என்பது கருத்து.

பெண்களுக்கான கற்களின் பக்கங்கள் வந்தபோது அவர் குரலைத் தாழ்த்தினார். ஒரு தூணிலிருந்து முழங்கையில் மடங்கி மேல்நோக்கி உயர்ந்த ஒற்றைக் கை, மணிக்கட்டில் வரிசையாக வளையல், விரல்களுக்கிடையே எலுமிச்சம்பழம். கணவனின் சிதையில் தீப்பாய்ந்த பெண்ணின் கல் அது. வளையல்கள் உடையாமல் இருப்பதால் அவள் சுமங்கலியாகவே போனாள் என்று சொல்கிறது. நம் ஊர்களில் வீரமாத்தி என்று பொங்கல் வைத்துக் கும்பிடும் இடங்களில் இப்படிப்பட்ட கற்கள் உண்டு. தன் குடுமியை ஒரு கையால் பற்றி, மறுகையால் கழுத்தில் வாளை வைத்திருக்கும் உருவம் நவகண்டம். போரில் இறந்தவனாக அதைத் தவறாக எண்ணக் கூடாது, அவன் தன்னையே பலிகொடுத்துக்கொண்டவன். இவற்றையெல்லாம் சொல்லும்போது அவர் ஒரு தடவைகூடத் தெய்வம் என்றோ பொம்மை என்றோ சொல்லவில்லை. "இவரு", "இந்தம்மா" என்றே சொன்னார்.

எங்கள் கல்லுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். இரண்டாம் முறை போனபோது அதன் பயன் தெரிந்தது. பட்டறைக்குப் பின்னால் அடுக்கியிருந்த பலகைகளில் எங்களையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். நடுகல் எடுக்கும் துறைகளைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறாகச் சொல்கிறது. ஏற்ற கல்லைத் தேடிக் காண்பதே முதல் துறையாகிய காட்சி. பெயர் சொல்லாவிட்டாலும் ஆசாரி செய்ததும் அதுவே. ஒவ்வொரு பலகையையும் சிறு சுத்தியால் பல இடங்களில் தட்டிக் காட்டினார். கணீரென்று ஒலித்தவற்றை இடப்பக்கமும், ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஓசை மங்கியதை வலப்பக்கமும் தள்ளினார். மங்கிய இடத்தில் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். மேலே செதுக்கிய எழுத்து பத்து மழைக்குப் பிறகு அந்த இடத்தில் பொரிந்து விழும். அக்கா அத்தனை பலகைகளையும் தட்டிப் பார்த்து, சற்றே சாம்பல் கலந்த கருங்கல்லைத் தேர்ந்தெடுத்தார். நான்கடி உயரம், இரண்டடி அகலம், நான்கங்குலக் கனம். எடை ஏறத்தாழ 200 கிலோ.

குறிகளுக்கு வருகிறேன். எந்தக் குறியும் எங்கள் தலையில் கட்டப்படவில்லை. பேரேட்டின் பிற்பாதியைத் திறந்து வைத்துவிட்டு, நாங்கள் அறிந்ததைச் சொல்லச் சொன்னார். அதற்காகவே நானும் அக்காவும் ஒரு சனிக்கிழமை ஊட்டி புனித ஸ்தேவான் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தோம். 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனின் மனைவி அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மலைக்கு வெள்ளையர் குடியேறியது அந்த நூற்றாண்டில் என்பதால், அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் ஐரோப்பியக் கற்களில் மிகுந்து காணும் மண்டையோடும் குறுக்கெலும்பும் இறகு முளைத்த மணற்கடிகையும் விக்டோரியா காலத்துக் கற்களில் அருகிப்போயின. மண்டையோடு பயமுறுத்துவதற்காக வைத்ததன்று; நீயும் ஒருநாள் இப்படி ஆவாய், ஆயத்தமாக இரு என்று கடந்துபோகிறவனை எச்சரிப்பது. பின்னாளில் அச்சத்தின் இடத்தை நம்பிக்கையும் பிரிவுத் துயரும் பிடித்துக்கொண்டன, கற்களும் மாறின.

நங்கூரம் அப்படி வந்த குறி. கடலே இல்லாத கொங்குநாட்டில் அதைக் காண்கிறவர்கள், இறந்தவர் கப்பல்காரர் என்று முடிவுகட்டுவார்கள். சில கற்களில் அது உண்மையும்கூட. ஆனால் எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் 6-ஆம் அதிகாரம் நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரம் என்கிறது. உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் மீனோடு சேர்த்து நங்கூரத்தையும் கீறி வைத்தார்கள். குறுக்குச் சட்டம் உள்ள நங்கூரத்துக்குள் சிலுவை ஒளிந்திருப்பதும் அவர்களுக்கு வசதியாயிற்று. இதைச் சொன்னவுடன் ஆசாரி பேரேட்டில் ஒரு பக்கத்தைத் தேடிப் புரட்டி, அதுவரை காலியாக இருந்த மூன்றாம் கட்டத்தில் "நம்பிக்கை" என்று எழுதிக்கொண்டார்.

முறிந்த தூண் பலரையும் குழப்புவது. தூணின் மேற்பாதி ஒடிந்ததுபோல் சரிவாக முடிந்திருக்கும். குடும்பத்தைத் தாங்கியவர் நடுவயதில் போய்விட்டார், வாழ்வு பாதியில் முறிந்தது என்பது அதன் பொருள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லறைத் தோட்டத்தில், பராமரிப்புக்கு வந்தவர்கள் அதைச் சேதம் என்று எண்ணி, மேலே சிமெண்டால் அரையடி கூட்டித் தட்டையாக்கி வெள்ளையடித்துவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான், ஆனால் அந்தத் தூண் இப்போது எதையும் சொல்வதில்லை. எந்தக் கல்லறைத் தோட்டத்தைச் சீர்செய்யப் போகிறவர்களும் உடைந்தது எது, உடைந்ததாகச் செதுக்கியது எது என்று பிரித்தறிய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். முறிவின் விளிம்பு ஒரே சாய்வில் ஒழுங்காக இருந்தால் அது உளி செய்த முறிவு.

பற்றிய இரு கைகளில் சட்டைக் கையின் முனையைப் பார்க்க வேண்டும். ஒன்று ஆணின் மடிப்புக் கையாகவும் மற்றது பூவேலை செய்த பெண்ணின் கையாகவும் இருந்தால் அது கணவன் மனைவி. ஒரு கையின் விரல்கள் தளர்ந்திருந்தால் அது போனவரின் கை. மேல்நோக்கிச் சுட்டும் விரல் ஆன்மா சென்ற இடத்தைக் காட்டுகிறது. துணி போர்த்திய சாடி, பண்டைய கிரேக்க உரோமானியர் சாம்பலை இட்டு வைத்த கலத்தின் நினைவு. எரிக்காமல் புதைத்தவர்களின் கல்லிலும் அது அழகுக்காகத் தங்கிவிட்டது. போர்வை, இருப்பவர்க்கும் இறந்தவர்க்கும் இடையிலுள்ள திரை. தலைகீழாகப் பிடித்த தீப்பந்தம் அணைந்த உயிரைக் குறிக்கும். கவிழ்த்தும் சுடர் எரிந்துகொண்டே இருப்பதாகச் செதுக்கினால் அணையாத உயிரைக் குறிக்கும். லீலி தூய்மைக்கு, கசகசாப் பூ உறக்கத்துக்கு, குருத்தோலை வெற்றிக்கு. ஐ எச் எஸ் என்ற மூன்றெழுத்தை ஆங்கிலச் சொற்களின் சுருக்கமாகப் பலர் விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். அது இயேசு என்ற பெயரின் முதல் மூன்று கிரேக்க எழுத்துகள். குருக்களின் கல்லில் திருக்கிண்ணமும் அதன்மேல் அப்பமும் இருக்கும். அதை மட்டும் ஆசாரி முன்பே அறிந்திருந்தார், இரண்டு முறை செதுக்கியும் இருக்கிறார்.

சூரிய சந்திரரை எங்கள் கல்லின் தலையில் வைக்கலாமா என்று அவர் கேட்டார். எனக்கு ஆசைதான். ஐரோப்பாவின் பழைய சிலுவைப்பாட்டுச் சித்திரங்களிலும் சிலுவையின் இருபக்கமும் சூரியனும் சந்திரனும் நிற்பதுண்டு என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அக்கா ஒப்பவில்லை. ஆசாரி மறுபேச்சே பேசாமல் வரைபடத்திலிருந்து அழித்துவிட்டார். தமக்குத் தெரிந்ததைச் சொல்லுவார், வற்புறுத்த மாட்டார். இந்தக் குணம் இத்தொழிலில் அரிது. கடைசியில் நாங்கள் எடுத்தவை இரண்டே. ஒன்று, மூன்று படிகளின்மேல் நிற்கும் சிலுவை. படிகள் மூன்றும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு; அன்பே பெரிது என்பதால் அதைச் சற்றுக் கனமாக வரையச் சொன்னோம், ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது, தறி நாடா: குறுக்கு நூலாகிய ஊடையைத் தறியில் இருபக்கமும் மாறிமாறிக் கொண்டு ஓடும் கருவி.

இது அவர் எண்ணம். அப்பா என்ன தொழில் செய்தார் என்று முதல் நாள் கேட்டதன் பயன் அங்கே விளைந்தது. ஸ்காட்லாந்தின் பழைய கல்லறைகளில் நெசவாளிக்கு நாடாவும், கொல்லருக்கு முடிசூடிய சுத்தியலும், தையற்காரருக்குக் கத்தரியும் செதுக்கியிருப்பதை நான் சொன்னேன். யோபு ஆகமத்தின் 7-ஆம் அதிகாரத்திலும் மனிதனின் நாட்கள் நெய்கிறவனின் நாடாவைவிட விரைவாக ஓடுவதாக வருகிறது. அவரோ எதையும் படத்திலிருந்து பார்த்துச் செதுக்க மறுத்து, அசல் நாடாவைக் கொண்டுவரச் சொன்னார். அப்பா பரணில் வைத்திருந்த, இருபுறமும் உலோக முனை பதித்த மரநாடாவை எடுத்துப்போனேன். அதைக் கையில் வாங்கி எடைபார்த்தார், முனையைக் கட்டைவிரலால் தடவினார், உள்ளே பொருத்தும், ஊடை நூல் சுற்றிய தாரைக் கழற்றி மாட்டினார், பக்கவாட்டில் நூல் வெளியேறும் கண்ணைக் காட்டி, "இதுவழியாத்தான் ஊடை வருமுங்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "தாரு யாருங்க சுத்தறது?" அம்மாதான் சுற்றினார், நாற்பது ஆண்டுகள், திண்ணையில் அமர்ந்து. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியானால் நாடாவை மூடிய நிலையில் செதுக்கக் கூடாது, உள்ளே தார் தெரியவேண்டும் என்றார்.

பிறகு அவர் கேட்ட கேள்வியை இதுவரை வேறு எவரும் எங்களிடம் கேட்டதில்லை. கண்ணிலிருந்து வெளிவரும் நூலை எங்கே முடிப்பது? அறுந்த நூலாகக் காட்டினால் வாழ்வு முடிந்தது என்று பொருள்படும். முறிந்த தூணின் கருத்தே அதுவும். கல்லின் விளிம்புவரை ஓடவிட்டால் இன்னும் நெய்து முடியவில்லை என்று ஆகும். சுண்ணக்கட்டியால் இரண்டையும் கல்லின்மேல் வரைந்து காட்டி, வீட்டுக்குப் போய் யோசித்து வரச் சொன்னார். அக்காதான் முடிவு செய்தார். நூல் நாடாவிலிருந்து கிளம்பி, மூன்று படிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, சிலுவையின் அடியில் போய் முடிகிறது. மிக மெல்லிய அந்தக் கோட்டை அவர் இயந்திரத்தைத் தொடாமல் சிற்றுளியால் மட்டுமே நான்கு நாட்கள் இழுத்தார். படியின் ஒவ்வொரு மூலையிலும் நூல் மடங்கும் இடத்தில் ஒரு சிறு தளர்வு விட்டிருக்கிறார். நூல் படிமேல் கிடந்தால் அப்படித்தான் கிடக்கும். நெய்கிறவர் வீட்டுப் பிள்ளையாகிய எனக்கே அவர் சொன்ன பிறகுதான் அது கண்ணில் பட்டது.

எழுத்து வேலையும் குறை சொல்ல முடியாதது. சாயம் பூசுவதில்லை. ஒவ்வொரு கோடும் இருபுறமிருந்தும் சரிந்து நடுவில் கூடும் பள்ளம். வெயில் ஒருபக்கச் சரிவில் விழ, மறுபக்கம் நிழலாகி, எழுத்து தானே தெரிகிறது. கொத்துவதற்கு முன் முழு வாசகத்தையும் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டு, குடும்பத்தார் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்கிறார். அப்படிப் படித்தபோதுதான் "இளைப்பாறுகிறார்" என்ற ஒருமை அப்பாவின் பழைய கல்லிலிருந்து அப்படியே வந்திருப்பதை அக்கா கண்டுபிடித்தார். "இளைப்பாறுகிறார்கள்" என்று மாறியது. புள்ளிகளில் அவர் காட்டும் கவனத்தையும் குறிப்பிட வேண்டும்: மெய்யெழுத்தின் புள்ளி தூசியடைந்து மறையாதபடி ஆழமாகவும், மழைநீர் தேங்காதபடி கீழ்விளிம்பு சரிந்தும் இருக்கிறது.

பிற சமயத்தாருக்கும் செய்கிறார். நான் போன நாட்களில் ஓர் இஸ்லாமியக் குடும்பத்துக்கான மீசான் கல் தயாராகிக்கொண்டிருந்தது. பெயரும் நாளும் தவிர வேறொன்றும் இல்லாத எளிய கல். முகலாயர் கல்லறைகளில் ஆணின் கல்மேல் எழுதுகோல் பெட்டியும் பெண்ணின் கல்மேல் எழுதுபலகையும் வைக்கும் வழக்கம் இருந்ததையும், தாஜ்மகாலில் ஷாஜகான், மும்தாஜ் கற்களில் அவை இருப்பதையும் நான் சொன்னபோது அவையும் பேரேட்டில் ஏறின. அமர்ந்த நிலையில் அடக்கம் செய்யும் வீரசைவக் குடும்பங்களுக்கு, சமாதியின்மேல் வைக்க லிங்கமும் எதிரில் நந்தியும் செய்து தருகிறார்.

இனிக் குறைகள். கல்லறைத் திருநாளுக்கு முன்பே தருவதாக வாக்களித்த கல், அந்த நாளுக்குப் பதினெட்டு நாள் கழித்தே வந்தது. அம்மா போன பிறகு வந்த முதல் நவம்பர் 2-இல், வெறும் மண்மேட்டின்மேல் மெழுகுவர்த்தி ஏற்றினோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, அவரிடமே சொன்னேன், தலைகுனிந்து கேட்டுக்கொண்டார், காரணம் எதுவும் சொல்லவில்லை. ஒரே ஆளாக வேலை செய்கிறவர் என்பதால் நாளை முன்னிட்டுக் கல் வேண்டுவோர் குறைந்தது நான்கு மாதங்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். கைப்பேசியை வேலை நேரத்தில் எடுப்பதில்லை. நேரில்தான் போக வேண்டும். இறந்தவரின் முகத்தைக் கல்லில் பதிக்க விரும்புகிறவர்கள் வேறிடம் பார்க்கலாம், அதை அவர் செய்வதில்லை. பட்டறையில் உட்கார நிழல் குறைவு; மூச்சுக் கோளாறு உள்ள முதியவர்களை உளித்தூசிக்குள் அழைத்துப்போகாதிருப்பது நல்லது.

கல்லும் வேலையும் சேர்த்து 46,000 ரூபாய் ஆயிற்று. பாதி முன்பணம், மீதி கல்லைப் பார்த்த பிறகு. பழைய கறுப்புக் கல்லை எடுத்துக்கொண்டு அதில் 2,000 ரூபாய் கழித்தார். வண்டிக்கும் நடுவதற்கும் தனியாக 5,500 ரூபாய். கிரானைட் கடைகளில் இதே அளவுக்கு ஏறத்தாழ இதில் பாதிதான் சொன்னார்கள். விலை கூடுதல் என்று சொல்லலாம்; நான்கு நாள் இழுத்த அந்த ஒரு நூலைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

நடும் வேலை அவருடையதன்று. ஆனாலும் அன்று காலை வண்டியோடு வந்தார். கல் நிமிர்ந்து நின்றதும் ஒரு குடம் தண்ணீரை மேலிருந்து ஊற்றித் தூசியைக் கழுவினார். நனைந்த கருங்கல் கறுத்து, வெயில் சாய்வாக விழ, நாடாவின் கண்ணிலிருந்து சிலுவைவரை நூல் ஒரே வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அக்கா அதை விரலால் கீழிருந்து மேலாகத் தொட்டுக்கொண்டே போனார். கல் காய்ந்த பிறகு ஆசாரி எங்களிடம் அனுமதி கேட்டு, நாடா இருந்த இடத்தில் தாளை வைத்துக் கரியால் படியெடுத்து, பேரேட்டில் ஒட்டி, மூன்றாம் கட்டத்தில் எழுதினார்: "நாடா அப்பா. தார் அம்மா."